கெற்றப்போலுக்குக் குறி தப்பாத களிமண் உருண்டை செய்யும் முறை

என் முந்திரிகைப் பந்தலின் வடக்கு மூலையில் ஒரு வெற்றுப் பால்மாப் பேணி (தகர டப்பா) கம்பியில் தொங்குகிறது. பேரனுக்கு வாங்கிய பால்மாவின் பேணி அது. உள்ளே இரண்டு பழைய ஆணிகளைப் போட்டு மூடியிருக்கிறேன். கிணற்றுக்கட்டில் இருந்து அதற்குச் சரியாக 15 மீற்றர். பச்சைக்கிளிகள் பந்தலில் இறங்கியதும் கெற்றப்போலை (உண்டிவில்லை) எடுத்து அந்தப் பேணிக்கு ஓர் அடி அடிப்பேன். ‘டங்’ என்று சத்தம் எழும்ப, கூட்டம் முழுவதும் பறந்து பனங்கூடலுக்குப் போய்விடும். ஒரு கிளிக்கும் காயமில்லை, ஒரு பழமும் சிந்துவதில்லை. ஆனால் அடி பேணியில் பட வேண்டும். ஒரு சாண் கீழே போனால் நிறம் ஏறிய குலை ஒன்று நசிந்துவிடும். மேலே போனால் பின்னால் நிற்கும் மதிலில் பட்டுத் தூளாகும். கிளிகள் திரும்பியும் பார்க்காமல் தின்றுகொண்டே இருக்கும்.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் நாலு பரப்பில் (கால் ஏக்கரில்) முந்திரிகை வைத்திருக்கிறேன். மற்ற இடங்களில் திராட்சை என்பதைத்தான் நாங்கள் முந்திரிகை என்கிறோம். கிளிகளுக்கு வலை போடலாம்; போட்டும் பார்த்தேன். காலையில் எழும்பிப் போனால் வலைக்கண்ணில் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கும் கொண்டைக்குருவிகளை எடுத்துவிடுவதே வேலையாகிவிட்டது. சீனவெடி கொளுத்துகிறவர்களும் உண்டு. என் வீட்டில் அது நடக்காது. போர் முடிந்து இவ்வளவு காலமாகியும் திடீரென்று வெடிச்சத்தம் கேட்டால் என் மனைவி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உள்ளறைக்குத்தான் ஓடுவார். அதனால் கெற்றப்போலும் பேணியும்தான் எங்களுக்குச் சரி.

தொடக்கத்தில் எனக்கு ஐந்து அடிக்கு ஓர் அடிதான் பேணியில் பட்டது. கண் பார்வை குறைந்துவிட்டது, கை நடுங்குகிறது என்று நினைத்தேன். கவர்த்தடியை (இறப்பர் கட்டும் கவட்டைக் கிளையை) மாற்றினேன், இறப்பரை மாற்றினேன். குறை அவற்றில் இல்லை என்பதை எனக்குக் காட்டியவன் கனடாவில் இருக்கும் என் தம்பி.

அவன் ஒன்ராறியோவின் வடக்கே இருக்கிறான். கார்த்திகையில் மான் வேட்டைக்குப் போவான். அதற்கு அங்கே பயிற்சி, சோதனை, அனுமதிப்பத்திரம் எல்லாம் உண்டு. தன் துவக்குக்கான தோட்டாக்களைக் கடையில் வாங்காமல் தானே நிரப்புகிறான். அது அந்த நாட்டில் சட்டம் அனுமதிக்கும் வேலை. இங்கே வெடிமருந்தை அனுமதியில்லாமல் தொடவே கூடாது. தம்பி, ஏற்கெனவே சுட்டு வெறுமையான பித்தளைக் கோதை (தோட்டாவின் வெளிக்கூட்டை) அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறான். எல்லாக் கோதுகளின் கழுத்தையும் ஒரே நீளத்துக்கு வெட்டுகிறான். புதிய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்தி, வெடிமருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுக்கிறான். ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம், அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட விட்டுவிடமாட்டான். கடைசியாகச் சன்னத்தை, அதாவது பறந்துபோகும் குண்டை, ஒரே ஆழத்துக்குப் பதிக்கிறான். வெடிமருந்து செய்தவர்கள் வெளியிட்ட கைநூலில் உள்ள மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏறுவான். அந்த நூல் சொல்லும் உச்சத்தை ஒருநாளும் தாண்டமாட்டான். ஒவ்வோர் அளவிலும் ஐந்து தோட்டாக்கள் நிரப்பி, 100 மீற்றரில் கடதாசியில் சுட்டு, ஐந்து ஓட்டைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று அளப்பான்.

நடுவில் விழுந்ததா என்று அவன் முதலில் பார்ப்பதில்லை. அதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. ஐந்தும் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்தால், குறிகாட்டியின் திருகாணியைத் திருப்பி அந்தக் கூட்டத்தை நடுவுக்கு நகர்த்திவிடலாம். சிதறி விழுந்தால் எந்தத் திருகாணியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

என் கெற்றப்போல் கதையைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் அவன் சொன்னான்: “அண்ணை, உங்கள் கையில் பிழையில்லை. நீங்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சன்னத்தை எறிகிறீர்கள்.”

உண்மைதான். ஒழுங்கையில் கிடந்த சல்லிக்கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். 32 வருடம் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்து, மாணவர்களுக்கு நிறுத்து அளந்து கொடுத்த எனக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இறப்பர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே சக்தியைத்தான் கொடுக்கும். பாரம் கூடிய உருண்டை மெதுவாகப் போகும். மெதுவாகப் போவது பறக்கும் நேரத்தைக் கூட்டும். நேரம் கூடினால் கூடுதலாக விழும். என் கெற்றப்போலில் 3.1 கிராம் உருண்டை 15 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 0.37 செக்கன் எடுக்கிறது. அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை 67 சென்ரிமீற்றர் கீழே இழுத்துவிடும். 3.7 கிராம் உருண்டைக்கு 0.40 செக்கன் ஆகும். அது 78 சென்ரிமீற்றர் விழும். வித்தியாசம் 11 சென்ரிமீற்றர். என் பேணியின் விட்டமே 10 சென்ரிமீற்றர்தான். அரைக் கிராமை விடக் கொஞ்சம் கூடிய வித்தியாசத்துக்கே, அசையாத கையும் கூர்மையான கண்ணும் இருந்தாலும் அடி பேணிக்குக் கீழே போய்விடும்.

இனி வேலைக்கு வருவோம்.

மண்

எங்கள் தோட்டத்துச் செம்மண் இதற்குத் தோதில்லை. பிசைந்தால் ஒட்டும், காய்ந்தால் உதிரும். குளத்துக் களிதான் வேண்டும். குளம் வற்றிய காலத்தில் தூர் வாரிக் கரையில் போட்ட களி கிடைத்தால் ஒரு வாளி போதும். ஐந்நூறு உருண்டைக்கு மேல் வரும். நல்ல களியைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஈரக்களியைச் சுண்டுவிரல் தடிப்பில் திரித்து விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் நல்லது. வெடித்தால் மணல் கூட.

அப்படியே பிசையக் கூடாது. வாளியில் களியைப் போட்டு, அதன் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் ஊறவிட்டுக் கலக்குங்கள். கலக்கியதும் ஒரு நிமிடம் பொறுங்கள். மணலும் சிப்பியும் கல்லும் அடியில் இறங்கும். மேலே நிற்கும் சேற்றுத் தண்ணீரை மட்டும் பழைய வேட்டித் துணியால் வடித்து வேறு வாளிக்கு மாற்றுங்கள். மறுநாள் தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய களியைச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு நாளில் இடியப்பத்துக்குக் குழைத்த மாவை விடக் கொஞ்சம் இறுக்கமான பதத்துக்கு வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அரிதட்டில் அரித்த மென்மணல் சேர்த்துப் பிசையுங்கள். மணல் சேர்த்தால் களி காயும்போது சுருங்குவது குறையும், வெடிப்பும் குறையும். பிறகு ஈரச்சாக்கால் மூடி மூன்று நாள் வையுங்கள். இந்த மூன்று நாளைத் தவிர்த்து அவசரப்பட்டவை எல்லாம் எனக்கு வெடித்தன. ஈரம் எல்லா இடமும் ஒரே அளவாகப் பரவ நேரம் வேண்டும்.

சிப்பி, சுண்ணாம்புக்கல் துணிக்கைகள் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. எந்த மண்ணை எடுத்தாலும் அதில் வெள்ளைத் துணிக்கை இருக்கும். முதல் வருடம் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. உருண்டைகள் இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று நூறு உருண்டைகளைப் பனம்மட்டை நெருப்பில் போட்டுச் சுட்டேன். செங்கல் நிறத்தில், தட்டினால் கணீரென்று சத்தம் கேட்கும்படி வந்தன. பெருமையாகப் பேணியில் போட்டு மூடி வைத்தேன். நான்காம் நாள் திறந்தால் பாதிக்கு மேல் பிளந்து கிடந்தன. ஒவ்வொரு பிளவின் அடியிலும் கடுகளவு வெள்ளைப் புள்ளி. நகத்தால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. நெருப்பில் சுண்ணக்கல் சுட்ட சுண்ணாம்பாக மாறியிருக்கிறது. பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து நீற்றுச் சுண்ணாம்பாகி வீங்கியிருக்கிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றும்போது நடக்கும் அதே வேலை, உருண்டைக்குள்ளே நடந்திருக்கிறது.

அன்றிலிருந்து நான் சுடுவதில்லை. அதற்கு வேறு காரணமும் உண்டு. சுட்ட உருண்டை கல்லுக்குச் சமன். எதிலாவது பட்டுத் திரும்பி வரும், கண்ணைக் கெடுக்கும். வெயிலில் காய்ந்த களிமண் உருண்டையோ பட்ட இடத்தில் தூளாகிவிடும். மழை பெய்தால் தோட்டத்து மண்ணோடு சேர்ந்துவிடும். இரும்புக் குண்டு போட்டால் அடுத்த முறை மண்வெட்டியில் தட்டுப்படும்.

உருட்டுதல்

கையால் கிள்ளி உருட்டினால் ஒரே அளவு வரவே வராது. பயற்றம் பணியாரம் உருட்டிப் பழகிய என் மனைவியே முயன்று பார்த்தார். அவருடைய உருண்டைகளிலும் 2.6 கிராம் முதல் 3.8 கிராம் வரை இருந்தது. பணியாரத்துக்கு அது போதும்.

நான் பயன்படுத்துவது 10 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் ஊசிக்குழல். மருந்துக்கடையில் புதிதாக வாங்குங்கள், ஊசி தேவையில்லை. குழலின் நுனியை, முனை தொடங்கும் இடத்தோடு கூரான கத்தியால் நேராக வெட்டி எடுத்துவிட்டால், இரண்டு பக்கமும் ஒரே அகலமான குழாய் கிடைக்கும். தண்டை இழுத்துவிட்டுக் களியை உள்ளே இறுக்கி அடையுங்கள். காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. குழலை வெளிச்சத்தில் பிடித்தால் குமிழி தெரியும். குழலின் வாயோடு களியை நூலால் மட்டமாக வெட்டிவிட்டு, 2 மில்லிலீற்றர் கோட்டளவுக்குத் தண்டைத் தள்ளுங்கள். வெளியே வந்த துண்டை மீண்டும் தையல் நூலால் வெட்டுங்கள். கத்தியால் வெட்டினால் களி கத்தியில் ஒட்டி அளவு மாறும். நூல் சுத்தமாக வெட்டும். இப்படி ஒரு குழலுக்கு ஐந்து துண்டு.

துண்டை உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து முதலில் அழுத்தி, பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே உருட்டுங்கள். கையில் தண்ணீர் தொடக் கூடாது. நல்லெண்ணெய் ஒரு சொட்டுத் தொடலாம். ஈர உருண்டையின் விட்டம் 15 மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும், காய்ந்தால் 14.5 அளவுக்கு வந்து நிற்கும், எடை 3.1 கிராம் அளவில். உங்கள் களி என் களி அல்ல; அதனால் முதலில் பத்து உருண்டை மட்டும் செய்து காயவிட்டு நிறுத்துப் பாருங்கள். பாரம் வேண்டுமென்றால் 2.2 மில்லிலீற்றர் தள்ளலாம். எந்த அளவானாலும் அதை விட்டு மாறாதீர்கள்.

காயவைத்தல் பொறுமையான வேலை. நேரே வெயிலில் வைத்தால் வெளித்தோல் முதலில் காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் இருப்பதால் சுருங்க இடமில்லாமல் தோல் வெடிக்கும். சுளகில் அடுப்புச் சாம்பலைப் பரப்பி, அதன் மேல் உருண்டைகளை ஒன்றோடொன்று தொடாமல் வைத்து, விறாந்தை நிழலில் இரண்டு நாள் விடுங்கள். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுளகை மெல்ல ஆட்டி உருட்டிவிட்டால் அடிப்பக்கம் தட்டையாகாது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் வெயில். காய்ந்ததா என்பதற்குக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்: குளிர்ந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது.

நிறுப்பதும் உருட்டிப் பார்ப்பதும்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் மேசையில் வைத்திருக்கும் சின்ன இலத்திரனியல் தராசு போன்ற ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 0.1 கிராம் காட்டினால் போதும், 0.01 காட்டினால் இன்னும் நல்லது. அளக்கத் தொடங்கும் முன் ஒரு நாணயத்தை நிறுத்து எடையை எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே நாணயம் அதே எடை காட்டினால்தான் தராசை நம்பலாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

மூன்று பேணிகள். 3.0 முதல் 3.2 கிராம் வரை ஒன்றில்; அதற்குக் கீழே ஒன்றில்; மேலே ஒன்றில். குழலில் ஒழுங்காகத் தள்ளியிருந்தால் நூறில் எழுபதாவது நடுப்பேணிக்கு வரும். மற்ற இரண்டையும் எறிந்துவிட வேண்டாம், கைப்பழக்கத்துக்கு உதவும். ஆனால் ஒருநாளும் மூன்றையும் கலக்காதீர்கள்.

எடை சரியானாலும் வடிவம் பிழைக்கலாம். ஒரு பக்கம் தட்டையான உருண்டை காற்றில் ஒரு பக்கமாக இழுபடும். இதற்கு யன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒரு பக்கம் விரற்கடை உயர்த்தி வைத்து, ஒவ்வோர் உருண்டையையும் மேலிருந்து விடுகிறேன். நேராக உருண்டு வந்தால் நல்லது. பாதியில் வளைந்தால் அல்லது தத்தித் தத்தி வந்தால் கழிவு. என் பேரன் இந்த வேலையை விரும்பிச் செய்கிறான். கழித்தவற்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான்.

கவர்த்தடியும் இறப்பரும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் தேவைக்கு மேல் நேரத்தைச் செலவிடுகிறார்கள். கவர்த்தடி கொய்யாவாக இருக்கட்டும். இறுக்கமான மரம், வெடிக்காது. வெட்டி மூன்று மாதமாவது நிழலில் காய வேண்டும்.

இறப்பரில் ஒரு முக்கியமான செய்தி. சிறுவயதில் சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கட்டினோம், நன்றாகப் போனது என்று நினைவிருக்கும். இன்றைய கறுப்பு ரியூப்களில் பல பியூட்டைல் இறப்பரில் செய்தவை. காற்றைக் கசியவிடாமல் பிடித்திருப்பதில் அது மிகச் சிறந்தது. ஆனால் இழுத்து விட்டால் மெத்தனமாகத் திரும்பும், நீங்கள் கொடுத்த சக்தியில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணாக்கிவிடும். இயற்கை இறப்பர் தகடு அல்லது இயற்கை இறப்பர்க் குழாய் தேடி வாங்குங்கள். இரண்டு பட்டிகளையும் ஒரே தகட்டில், பக்கத்துப் பக்கத்தில், ஒரே நீளத்தில் வெட்டுங்கள். என்னுடையது கட்டிய பிறகு 18 சென்ரிமீற்றர். இழுத்தால் கவரிலிருந்து கன்னம் வரை 80. ஏறத்தாழ நாலரை மடங்கு. ஐந்து மடங்கைத் தாண்டினால் வேகம் கொஞ்சம் கூடும், பட்டி சீக்கிரம் அறும்.

ஒரு பட்டி மற்றதை விட இறுக்கமாக இருந்தால் உருண்டை அந்தப் பக்கம் இழுபடும். இரண்டிலும் ஒரே பாரத்தை மாறி மாறித் தொங்கவிட்டு, எவ்வளவு நீள்கிறது என்று அளந்து பார்த்தே கட்டுகிறேன். பைக்குப் பழைய சப்பாத்தின் நாக்குத் தோல் நன்று. உருண்டை அதன் நடுவில் ஒரே இடத்தில் உட்காரும்படி சின்னக் குழி ஒன்று அழுத்தி வையுங்கள்.

ஒவ்வொரு முறையும் அடிக்கும் முன் பட்டியை விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் சிறு கீறல் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். அறுந்த பட்டி முகத்துக்குத்தான் வரும். மூக்குக்கண்ணாடி போடாமல் நான் கெற்றப்போலைத் தொடுவதில்லை. பேரனுக்கும் அதே சட்டம்.

கடதாசியில் சோதித்தல்

தம்பியிடம் கற்றதில் இதுதான் முதன்மையானது. பழைய பத்திரிகைத் தாளை மட்டைப் பெட்டியில் ஒட்டி, பெட்டிக்குள் பழைய சாக்குகளை அடைத்து, 10 மீற்றரில் வையுங்கள். நடுவில் ஒரு புள்ளி. ஒரே பேணியில் எடுத்த ஐந்து உருண்டைகளை, அதே புள்ளிக்குக் குறிவைத்து அடியுங்கள். பிறகு ஒன்றுக்கொன்று மிகத் தூரத்தில் விழுந்த இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து தாளிலேயே எழுதி, திகதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அடித்து முடிவு செய்யாதீர்கள். ஐந்து உருண்டை நெருங்கி விழுந்தது தற்செயலாகவும் இருக்கலாம். நாலு நாள், நாலு தாள் பார்த்துச் சராசரி எடுங்கள்.

என் தாள்களில் இருப்பது இது. சல்லிக்கல்: 38 சென்ரிமீற்றர். கையால் உருட்டிய களிமண் உருண்டை: 21. ஊசிக்குழலில் அளந்து நிறுக்காதது: 13. நிறுத்து, கண்ணாடியில் உருட்டித் தெரிவு செய்தது: 8. அதே இறப்பர், அதே கவர்த்தடி, அதே நடுங்கும் கை.

மிச்சம் இருந்ததில் இரண்டு சென்ரிமீற்றரைக் குறைத்தது இழுக்கும் அளவு. பெருவிரல் நகம் வாயின் ஓரத்தைத் தொடும் இடம் வரை ஒவ்வொரு முறையும் இழுக்கிறேன். ஒரு விரற்கடை முன்னோ பின்னோ நின்றால் வேகம் மாறிவிடும். தம்பி சன்னத்தை ஒரே ஆழத்துக்குப் பதிக்கிறான் என்றேனே, அதற்கு ஒத்தது இது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதிய இறப்பரும் புதிய உருண்டையும் ஒரே நாளில் போட்டு அடித்தால், நன்றாக வந்தாலும் கெட்டு வந்தாலும் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. மாணவர்கள் ஆய்வுகூடத்தில் செய்யும் அதே பிழை. ஆசிரியர் அவர்களைக் கண்டிக்கும்போது கேட்டு நின்றவன்தான் நானும். தோட்டத்துக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

வேகம் அளக்கக் கருவி வாங்கத் தேவையில்லை. கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். இறப்பர் அடிக்கும் சத்தமும் பெட்டியில் படும் சத்தமும் அலையில் இரண்டு முட்களாகத் தெரியும். எனக்கு இடைவெளி 0.27 செக்கன் வந்தது. பட்ட சத்தம் 10 மீற்றர் திரும்பி வர 0.03 செக்கன் ஆகும். அதைக் கழித்தால் 0.24. பத்தை அதால் வகுத்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 42 மீற்றர். ஐந்து அடியிலும் இந்த இடைவெளி ஒன்றாக வந்தால் உங்கள் உருண்டைகள் ஒன்றுபோல் இருக்கின்றன. ஒன்று மட்டும் விலகினால், இழுத்த அளவை முதலில் சந்தேகியுங்கள்.

காலை ஆறு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் ஒரே இடத்தில் விழாது என்பதையும் தாள்கள் காட்டின. வெயிலில் கிடந்த இறப்பர் வேறுமாதிரி நடக்கும். தம்பியும் கடுங்குளிரில் வெடிமருந்து மந்தமாக எரியும் என்று சொல்வான். அதனால் வேட்டைக்குப் போகும் குளிரிலேயே சோதித்துப் பார்க்கிறான். கிளிகள் வருவது காலையிலும் மாலையிலும் என்பதால் நானும் அந்த நேரங்களில்தான் சோதிக்கிறேன். மற்ற நேரம் இறப்பரைப் பேணியில் முகப்பவுடர் தூவி, இருட்டில் வைக்கிறேன்.

பேணியைத் தொங்கவிடும் இடம்

பேணிக்குப் பின்னால் ஒழுங்கையோ அயல் வீடோ மின்கம்பியோ இருக்கக் கூடாது. எனக்கு அந்த மூலையில் பழைய சுண்ணக்கல் மதில் நிற்கிறது. அதற்காகவே அந்த மூலையைத் தெரிவு செய்தேன். ஆட்கள் தோட்டத்துக்குள் நிற்கும்போது அடிப்பதில்லை. கிளியைக் குறிவைப்பதும் இல்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நம் நாட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்டவை. சட்டம் ஒருபுறம் இருக்க, தினைப்புனத்தில் நின்ற வள்ளியும் கவண் கொண்டு கிளியை ஓட்டினாளே தவிர, கொன்றதாக நான் கேட்டதில்லை.

பேணி ஒரே இடத்தில் தொங்கினால் இரண்டு வாரத்தில் கிளிகள் சத்தத்துக்குப் பழகிவிடும். கிழமைக்கு ஒருமுறை, அந்த மதிலோரமாகவே, இடத்தை மாற்றுகிறேன். மாற்றும்போது தூரத்தை நாடாவால் மீண்டும் அளந்து 15 மீற்றரில் வைக்கிறேன். தூரம் மாறினால் தாளில் படித்த பாடம் எல்லாம் மாறிவிடும். அறுவடைக்கு முந்திய மூன்று கிழமைக்கு எனக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு உருண்டை வரை போகிறது. முந்நூறு செய்து வைத்தால் தாராளம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் காற்றில் ஈரம் ஏறி உருண்டையின் எடை கூடும். மூடி இறுக்கமான பேணியில், துணியில் கட்டிய அடுப்புக்கரித் துண்டு இரண்டோடு வைத்தால் சில கிழமை தாங்கும். அதற்கு மேல் வைத்திருக்க நான் முயல்வதில்லை. மிஞ்சிய உருண்டைகளையும் பேரனின் சட்டைப் பையில் கிடப்பவற்றையும் வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுகிறேன். மறுநாள் காலையில் எல்லாம் கரைந்து களியாகக் கிடக்கும். ஈரச்சாக்கால் மூடி அடுத்த காய்ப்புக்கு எடுத்து வைக்கிறேன்.